அவார்டு படமும் நம் பொறுமையும்

கோவைப் பக்கம் ஒரு படம் மெதுவாக நகர்ந்தால் அதற்கு ஒரே பெயர்தான்: "அவார்டு படம்". பார்த்துவிட்டு வருபவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அவார்டு படமாட்ட இருக்குதுங்க" என்பார். அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, ஒரு ஆள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெளியே பார்க்கிறார், நாம் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடும்.

இந்தப் பெயர் ஊன்றியதற்கு தூர்தர்ஷனும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எண்பதுகளில் டிவி வீட்டுக்கு வீடு வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை மதியம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். பெரும்பாலும் விருது வாங்கிய படங்கள். வாரம் ஒரு மொழி, வங்காளம், மலையாளம், கன்னடம், அசாமி என்று மாறி மாறி வரும். கீழே ஆங்கிலத்தில் வசனம் ஓடும். தமிழின் முறை எப்போதோ ஒருநாள் வரும். மதியச் சாப்பாடு முடித்து, பாயை விரித்துப் போட்டுப் பாதித் தூக்கத்தில் பார்த்த படங்கள் அவை. விருது, மெதுவான நடை, தூக்கம் மூன்றும் ஒன்றாகவே நம் மனதில் பதிந்துவிட்டன.

இன்றும் இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. மெதுவான படம் என்றாலே அறுவை என்பது ஒரு கட்சி. மெதுவாக இருந்தாலே உயர்ந்த படம், பிடிக்காவிட்டால் உனக்கு ரசனை இல்லை என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் இடமில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் படம் பார்த்ததில் என் கையில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேள்விதான். திரையில் இருக்கும் அந்த மௌனம் யாருடையது? கதையில் வரும் மனிதருடையதா, படம் எடுத்தவருடையதா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் கொங்கு மண்ணிலும் தமிழ்நாட்டிலும் நடந்த சில விஷயங்களைத் திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சத்தத்தின் ஊர்

தென்னிந்திய சினிமாவின் கதை பேசினால் கோவையைத் தாண்டிப் போக முடியாது. 1883-இல் கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். பிற்பாடு அதுவே டிலைட் தியேட்டர் ஆனது. வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயரில் அது இன்றும் நம் வாயில் இருக்கிறது.

அது மௌனப் படங்களின் காலம். ஆனால் அந்தக் காலத்துக் கொட்டகைகளில் மௌனம் இருந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஒருவர், வாத்தியம் வாசிக்கச் சிலர், கூடவே ஜனங்களின் கூச்சல். படம்தான் பேசாதே தவிர, கொட்டகை பேசிக்கொண்டே இருக்கும்.

பேசும் படம் வந்ததும் கேட்கவே வேண்டாம். டஜன் கணக்கில் பாட்டு. முப்பதுகளின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' 1947-இல் அங்கிருந்துதான் வந்தது. அதைத் தொடர்ந்து ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோ. 1954-இல் அவர் எடுத்த 'மலைக்கள்ளன்' பிறகு ஆறு மொழிகளில் வந்தது. இந்தியில் 'ஆசாத்' என்ற பெயரில் திலீப்குமாரும் மீனாகுமாரியும் நடித்தார்கள். பஞ்சாலைகளைப் போலவே ஸ்டுடியோக்களும் ஷிப்ட் போட்டு வேலை செய்த ஊர் இது. பாட்டு, வசனம், கத்திச் சண்டை எல்லாம் இங்கே உற்பத்தியான சரக்குகள்.

அதனால் நம் ஜனங்களுக்கு மெதுவான கதை ஒத்துவராது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. அண்ணன்மார் கதை. பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடினால் ஒரு ராத்திரியில் முடியாது. பல ராத்திரிகள் தொடர்ந்து நடக்கும். 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தங்கி அதை முழுவதும் ஒலிப்பதிவு செய்தார். அதில் கதை எங்கேயும் அவசரப்படாது. ஆள் கிளம்புவதற்கே அரைமணி ஆகும். போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து கேட்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள்தான். ஆக, பொறுமை நமக்குப் புதிதல்ல. கதை சொல்பவர் நம்மை எங்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்ற நம்பிக்கை இருந்தால் காத்திருப்போம். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது.

முதல் முயற்சிகள்

தமிழில் பாட்டை நிறுத்திப் பார்த்தவர் வீணை எஸ். பாலசந்தர். 'மலைக்கள்ளன்' வந்த அதே 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் 'அந்த நாள்' வந்தது. சிவாஜி நடித்தும் ஒரு பாட்டு இல்லை, நடனம் இல்லை. அது மெதுவான படமல்ல, விறுவிறுப்பான கொலை விசாரணைக் கதைதான். ஆனாலும் பாட்டு இல்லாத தமிழ்ப் படம் என்பதே அன்றைய ஜனங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. விருது வந்தது, வசூல் வரவில்லை.

1965-இல் ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே படமாக்கினார். 'உன்னைப்போல் ஒருவன்'. சேரி வாழ்க்கை, பாட்டு கிடையாது, மினுக்கு கிடையாது. தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படம் என்ற சான்றிதழ் கிடைத்தது. தியேட்டர்கள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நம் ஊரில் விருதும் காலி நாற்காலியும் ஜோடியாகவே வரும் என்ற எண்ணம் அப்போதே தொடங்கிவிட்டது.

அந்த எண்ணத்தை உடைத்த படம், கோவையிலிருந்து வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்தில், மேட்டுப்பாளையத்தை அடுத்த வெள்ளிப்பாளையத்தில், பவானிக் கரையில் எடுக்கப்பட்டது.

பவானிக் கரையில் ஒரு படம்

மகேந்திரன் முதலில் பேர் வாங்கியது வசனத்துக்காகத்தான் என்பது வேடிக்கை. சிவாஜியின் 'தங்கப்பதக்கம்' அவர் எழுதியது. நாடகமாகவும் படமாகவும் கைதட்டலை அள்ளியது. ஆனால் அவருக்கு அந்த மாதிரிப் படங்களில் பிடிப்பு இல்லை. தானே இயக்க வந்தபோது வசனத்தைத்தான் முதலில் குறைத்தார். 1978-இல் 'முள்ளும் மலரும்'. இசை சேர்க்காத நிலையில் அதைப் பார்த்த தயாரிப்பாளர் வேணு செட்டியார், வசனமே இல்லையே என்று தலையில் கைவைத்ததை மகேந்திரன் பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் சில வாரம் தியேட்டர் மந்தமாக இருந்தது. பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வந்து, கூட்டம் கூடிவிட்டது.

அடுத்த ஆண்டு அக்டோபரில் 'உதிரிப்பூக்கள்' வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதெல்லாம் மகேந்திரன் தானே கட்டிய கதை. அசோக்குமார் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. பெரிய நட்சத்திரம் யாரும் கிடையாது.

கதை இதுதான். சுந்தரவடிவேலு ஊரில் பெரிய மனிதர். விஜயன் நடித்தார். சத்தம் போட மாட்டார், கை ஓங்க மாட்டார், வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக இருப்பார். ஆனால் அடுத்தவர் துன்பப்படுவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு திருப்தி. அவர் மனைவி லட்சுமி நோயாளி, இரண்டு குழந்தைகளின் தாய். அஸ்வினி நடித்தார். அந்த வீட்டில் லட்சுமி அதிகம் பேசுவதில்லை. பேசினால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அப்பாவாக வரும் சாருஹாசனும் அதிகம் பேசுவதில்லை. மாப்பிள்ளை முன்னால் பேச முடியாத மாமனார் அவர்.

இங்கேதான் என் கேள்வியின் பதில் இருக்கிறது. இந்தப் படத்தின் மௌனம் லட்சுமியுடையது. அவள் அப்பாவுடையது. எல்லாம் தெரிந்தும் பெரிய மனிதரை எதிர்த்து வாய் திறக்காத அந்த ஊருடையது. நம் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மௌனம் நன்றாகத் தெரியும். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே ஒரு பெண் அழுவது கேட்கும், யாரும் எழுந்து போக மாட்டார்கள். "அவுங்கூட்டு விசியம்" என்று வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் திண்ணையை வேகமாகப் படம் பிடித்தால் ஒன்றுமே தெரியாது. நிதானமாகப் பார்த்தால்தான் அங்கே நடப்பது என்னவென்று தெரியும்.

குழந்தைகள் இரண்டும் ஓடி விளையாடுவது, ஆறு, மணல், மரநிழல் என்று படம் நிதானமாகப் போகும். ஜானகியின் குரலில் தாயும் பிள்ளைகளும் வரும் பாட்டு ஒன்று. அதைக் கேட்கும்போது இந்தப் பெண் நெடுநாள் இருக்க மாட்டாள் என்று மனசுக்குப் பட்டுவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கடைசியில் லட்சுமியின் தங்கைக்கு அந்த மனிதர் செய்யும் கொடுமைக்குப் பிறகு ஊரே திரண்டு அவரை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. அடிக்கவில்லை, வெட்டவில்லை. நீயே ஆற்றில் இறங்கு என்கிறார்கள். அவர் குழந்தைகளிடம் விடைபெறுகிறார். நல்லவர்களாக இருந்த உங்கள் எல்லோரையும் என்னைப்போல ஆக்கிவிட்டேன், நான் செய்த தப்புகளில் பெரியது அதுதான் என்ற பொருளில் ஊராரைப் பார்த்துச் சொல்கிறார். தண்ணீருக்குள் போகிறார். குழந்தைகள் கரையில் நிற்கிறார்கள். அவ்வளவுதான் படம்.

முதல் ஒன்றரை மணி நேரம் அந்த ஊரோடு நாம் பொறுமையாக இருந்திராவிட்டால் இந்த முடிவு வெறும் தண்டனைக் காட்சியாகத்தான் இருந்திருக்கும். வில்லன் ஒழிந்தான் என்று கைதட்டிவிட்டு எழுந்திருப்போம். ஆனால் அன்றைக்குத் தியேட்டரில் யாரும் கைதட்டவில்லை. அதுவரை பேசாமல் இருந்த ஊர் முதல்முறையாக ஒன்றுகூடிச் செய்த காரியம் ஒரு கொலை. அதை ரெண்டு குழந்தைகள் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. சரியா தப்பா என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசிக்கவேண்டியது நம் பொறுப்பு.

அந்தப் படம் வெள்ளிவிழா கண்டது. மெதுவான படம் நம் ஜனங்களுக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் நான் இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வேன்.

ஒரு வீடும் ஒரு தாத்தாவும்

பாலு மகேந்திராவின் 'வீடு' எண்பதுகளின் கடைசியில் வந்தது. பாட்டு இல்லை. நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி வீடு கட்டத் தொடங்குகிறாள். அர்ச்சனா. அவள் தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். சிறந்த தமிழ்ப் படத்துக்கும் சிறந்த நடிகைக்கும் தேசிய விருது கிடைத்தது. இளையராஜா தன் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து பின்னணிக்குக் கொடுத்தார்.

கடன் வாங்கி வீடு கட்டிய யாரும் அந்தப் படத்தை மெதுவான படம் என்று சொல்ல மாட்டார்கள். அஸ்திவாரம், சிமெண்ட், கான்ட்ராக்டர், கைநழுவும் பணம் என்று ஒவ்வொன்றும் நெஞ்சைப் பிடிக்கும். பாதி எழுந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் குடையோடு கிளம்பி வருவார். சுவரைத் தடவிப் பார்ப்பார். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கியிருந்தால் தகவல் மட்டும் மிஞ்சியிருக்கும்: தாத்தா வீட்டைப் பார்த்தார் என்று. நீளமாக விட்டதால் ஒரு ஆயுள் முழுவதும் சொந்தச் சுவர் இல்லாமல் வாழ்ந்த மனிதரின் கை நமக்குத் தெரிகிறது.

வெளியுலகிலும் இதே கதைதான். ஜப்பானில் யசுஜிரோ ஓசு 1953-இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'யில், பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வரும் வயதான தம்பதிக்கு யாருக்கும் நேரம் இல்லை. பெல்ஜியத்தில் ஷாந்தால் அக்கர்மேன் 1975-இல் எடுத்த 'ழான் தீல்மான்' மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். மூன்று நாள் அதையே காட்டுகிறார்கள். முதல் நாள் முழுவதும் அவள் வேலையை நாம் பார்த்துப் பழகிவிடுவதால், இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகும்போது நமக்குப் பகீரென்கிறது. ஏதோ தவறு நடக்கப்போகிறது என்று புரிகிறது. 2022-இல் பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதுதான் முதலிடம்.

எங்கே வழுக்குகிறது

இனி மறுபக்கம். மெதுவான படத்தில் விழக்கூடிய குழிகள் நிறைய. அதைச் சொன்னவர்களில் முக்கியமானவர் யார் தெரியுமா? சத்யஜித் ராய். 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்தவர், நிதானத்துக்கே பேர்போனவர். எழுபதுகளில் புதிய அலை இயக்குநர்கள் வந்தபோது, குமார் ஷஹானியின் 'மாயா தர்ப்பண்', மணி கவுலின் 'துவிதா' இரண்டையும் அவர் தன் கட்டுரையில் கடுமையாகவே விமர்சித்தார். அதே கட்டுரையில் 'கரம் ஹவா'வை அவர் பாராட்டினார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கதையில் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதுதான் அவர் கவலை.

2010-இல் மேலே சொன்ன அதே 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் ஆசிரியர் நிக் ஜேம்ஸ் ஒரு தலையங்கம் எழுதினார். உலகத் திரைப்பட விழாக்களில் மெதுவான படங்கள் ஒரு பாணியாகிவிட்டன, பார்ப்பவர் செலவழிக்கும் நேரத்துக்கு எப்போதும் ஈடு கிடைக்கிறதா என்ற கேள்வியை எழுப்பினார். பெரிய சர்ச்சை ஆனது. மசாலா படத்துக்கு ஒரு சூத்திரம் இருப்பதுபோல மெதுவான படத்துக்கும் சூத்திரம் வந்துவிட்டது என்பதுதான் அதன் சாரம்.

அந்தச் சூத்திரத்தை நானும் பார்த்திருக்கிறேன். திரைப்படச் சங்கத் திரையிடல்களிலும் இணையத்திலும் பார்த்த தமிழ்ப் படங்கள் சிலவற்றில் எல்லாமே இருக்கும். வறண்ட நிலம், அசையாத கேமரா, பின்னணி இசை இல்லாத அமைதி, திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும் ஒருவன். ஆனால் அவன் யார், அவனுக்கு என்ன வேண்டும் என்று நமக்குத் தெரியாது. பல சமயம் எடுத்தவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. அவன் பேசாததற்குக் காரணம் அவன் வாழ்க்கையில் இல்லை, இயக்குநரின் கொள்கையில் இருக்கிறது. ஒருமுறை அப்படி ஒரு திரையிடலில் பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதருகே குனிந்து, "ஏனுங், இதுல யாராச்சும் பேசுவாங்ளாங்?" என்றார். நியாயமான கேள்வி. அவரை ரசனை இல்லாதவர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் உடுக்கடிப் பாட்டைப் பல ராத்திரி கேட்டு வளர்ந்த தலைமுறை.

இன்னொரு குழி வறுமையை வேடிக்கை பார்ப்பது. ஏழையின் முகத்தை ஐந்து நிமிஷம் காட்டினால் அது ஏழையின் மேல் உள்ள அக்கறை என்று ஆகிவிடாது. வெளிநாட்டு விழாவுக்குப் போகும் படத்தில் நம் கிராமம் எப்போதும் வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கிறது. சிரிப்பே கிடையாது. நம் ஊர்களில் எவ்வளவு கஷ்டத்திலும் ஒரு கேலிப்பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் குழிகளில் விழாமல் கடந்தவர் என்று பி.எஸ். வினோத்ராஜைச் சொல்லலாம். அவருடைய 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் விழாவில் முதன்மைப் பரிசான டைகர் விருதை வாங்கியது. மதுரைப் பக்கத்து வெயிலில் ஒரு குடிகார அப்பாவும் சின்னப் பையனும் நடக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பையன் ஏன் பேசாமல் வருகிறான் என்பது நமக்கு முதல் பத்து நிமிஷத்திலேயே தெரியும். 2024 ஆகஸ்டில் வந்த அவருடைய 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. அன்னா பென் நடித்த மீனா படம் முழுவதும் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறது குடும்பம். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். பேசாமல் இருப்பதுதான் அவள் கையில் மிச்சம் இருக்கும் ஒரே ஆயுதம். சூரி, சிவகார்த்திகேயன் பெயர்களை நம்பி வந்த கூட்டத்தில் பலர் ஏமாந்தார்கள், முடிவைப் பார்த்து எரிச்சலும் பட்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். விளம்பரத்தில் ஒன்றும் திரையில் வேறொன்றும் இருந்தால் ஜனங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். மெதுவான படங்களுக்கு இதுவும் ஒரு குழி.

ஒரு ஜவுளிக்கடை ஊழியரின் ஒரு நாள்

கடைசியாக நம் கோவைக்கே வருகிறேன். இந்த ஊரைச் சேர்ந்த அருண் கார்த்திக் இயக்கிய 'நசீர்' 2020 ஜனவரியில் ராட்டர்டாம் விழாவில் திரையிடப்பட்டு, ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதைப் பெற்றது. திலீப் குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. 'ஆசாத்' படத்து திலீப்குமார் வேறு, இவர் வேறு. இவர் குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டு, கோவையில் பிறந்து, தமிழில் எழுதுகிறவர். படம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. எடுக்கப்பட்டதும் இங்கேதான்.

நசீர் ஒரு சேலைக்கடை ஊழியர். காலையில் எழுகிறார், குளிக்கிறார், வெளியூர் போகும் மனைவியை பஸ் ஏற்றிவிடுகிறார். வீட்டில் உடம்பு சரியில்லாத அம்மா, தனிக் கவனிப்பு தேவைப்படும் ஒரு பையன். கடைக்குப் போகிறார், சேலை விரிக்கிறார், மடிக்கிறார். கவிதை எழுதுவார், பாட்டு முணுமுணுப்பார். மனைவிக்கு மனதுக்குள் கடிதம் எழுதுகிறார். எங்கோ தூரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ ஆவேசமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ராத்திரி வீடு திரும்பும் வழியில் ஒரு கும்பல் அவரைக் கொன்றுவிடுகிறது.

ஒப்பணக்கார வீதியில் கல்யாணச் சேலை எடுக்கப் போகாத கோவைக் குடும்பம் உண்டா? நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து வந்திருப்போம். முகம் சுளிக்காமல் அத்தனையையும் திரும்ப மடித்தவரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். இந்தப் படம் அந்த மனிதரோடு ஒரு முழு நாள் நம்மை உட்கார வைக்கிறது.

அது எதற்கு என்பதை இந்த ஊர்க்காரனாக நான் இப்படிப் புரிந்துகொண்டேன். 1997 நவம்பர் இறுதியிலும் 1998 பிப்ரவரியிலும் இந்த நகரம் பட்டது நம் தலைமுறைக்கு மறக்காது. கடையடைப்பு, ஊரடங்கு, ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். இரு தரப்பிலும் செத்துப்போனவர்கள் பெரும்பாலும் இப்படி வேலைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள். அவர்களை நாம் பேப்பரில் எண்ணிக்கையாகத்தான் படித்தோம். இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம். அந்த எண்ணிக்கையில் ஒருவரை எடுத்து, அவர் காலையில் என்ன சாப்பிட்டார், மனைவியிடம் என்ன சொன்னார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார் என்று காட்டுவதற்கு நேரம் வேண்டும். வேகமான படத்தில் கலவரத்தைத்தான் காட்டுவார்கள், கத்தியும் தீயும் பின்னணி இசையும் இருக்கும், நசீர் ஓரத்தில் விழுந்து கிடப்பார். இங்கே கலவரம் கடைசிச் சில நிமிஷம்தான். மற்றதெல்லாம் நசீர். அதனால்தான் அந்தச் சில நிமிஷம் தாங்கமுடியாமல் இருக்கிறது.

நசீரின் மௌனமும் நசீருடையது. கடையில் தன் காதுபட நடக்கும் பேச்சுக்குப் பதில் சொல்ல முடியாத ஊழியரின் மௌனம். அதுதான் 'உதிரிப்பூக்கள்' லட்சுமியின் மௌனமும். இரண்டு படங்களுக்கும் நடுவில் நாற்பது வருஷ இடைவெளி இருக்கிறது, மேட்டுப்பாளையம் ரோட்டின் தூரம் இருக்கிறது. இரண்டிலும் கேமரா ஒரே காரியத்தைத்தான் செய்கிறது. பேச முடியாதவர் பக்கத்தில் போய் அவசரப்படாமல் உட்கார்கிறது.

'நசீர்' 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது 'வீ ஆர் ஒன்' என்ற இணைய விழாவில் உலகம் முழுவதும் காட்டப்பட்டது. நம் ஊரில் எடுத்த படம் நம் ஊர் ஜனங்களுக்குக் கைபேசித் திரை வழியாகத்தான் வந்து சேர்ந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இந்தமாதிரிப் படங்களைத் தனியாக வீட்டில் பார்ப்பது கஷ்டம். நடுவில் போன் வரும், குக்கர் விசிலடிக்கும், ரிமோட் கையிலேயே இருக்கும். நாலு பேரோடு இருட்டில் உட்கார்ந்தால் பொறுமை தானாக வரும். உடுக்கடிப் பாட்டைக்கூட யாரும் தனியாக உட்கார்ந்து கேட்டதில்லை. கோணங்கள் போன்ற திரைப்படச் சங்கங்கள் இந்த ஊரில் வருஷக்கணக்காக உலகப் படங்களைக் காட்டி வந்ததன் அருமை எனக்கு இப்போதுதான் அதிகம் புரிகிறது.

என் வயதுக்காரர்கள், அவார்டு படம் என்று ஒதுக்காமல், 'உதிரிப்பூக்க'ளை இன்னொரு தடவை பாருங்கள். அன்றைக்குப் பார்த்தபோது நமக்குச் சின்ன வயசு, விஜயனின் கொடுமைதான் கண்ணில் பட்டது. இப்போது பார்த்தால் சாருஹாசனைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பிறகு பேரன் பேத்திகளைக் கூட்டி உட்காரவைத்து 'நசீ'ரைப் போடுங்கள். சலிப்பாக இருக்கிறது என்று சொன்னால் திட்டவேண்டாம். அந்த ஆள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அவர்களால் பதில் சொல்ல முடிந்தால் படத்தைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.